மூன்றாம் வீட்டார்

ஷிலகால்னிஸ்,
1971 செப்டம்பர் 19

அன்புள்ள அண்ணன் பல்த்ருஸுக்கு, தங்கை உர்சுலே எழுதிக்கொள்வது. இயேசுவுக்குத் தோத்திரம். இங்கே நானும் பசுவும் சுகம். உன் எட்டுப் பெட்டித் தேனீ வீட்டாரும் சுகமாகத்தான் இருக்கவேண்டும். விசாரிக்கப் போனால் கொட்டுகிறார்களே தவிரப் பதில் சொல்வதில்லை. உன் நெஞ்சு எப்படி இருக்கிறது? இருமும்போது ரத்தம் வருவது நின்றதா? மறைக்காமல் எழுது.

நீ சானடோரியத்துக்குப் பஸ் ஏறிய மறுநாளே பாகு காய்ச்ச ஆரம்பித்துவிட்டேன். இரண்டு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு தண்ணீர். கடைக்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இவ்ளோ சர்க்கரையா? சாராயம் காய்ச்சப் போறியா?" என்றாள். எங்க அண்ணனோட தேனீக்கு என்றேன். "எல்லாரும் அதத்தான் சொல்றாங்க" என்று சிரிக்கிறாள். போகட்டும். எனக்கே ஒரு சந்தேகம். அவர்கள் சேர்த்த தேனை நாம் எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கிறோமே, ஏமாந்தது அவர்களுக்குத் தெரியுமா?

முப்பது வருஷம் பட்டணத்தில் தையல் மிஷின் மிதித்தவள் நான். தேனீக்கு எத்தனை கால் என்றுகூடத் தெரியாது. என்னிடம் போய் நீ பஸ் படியில் நின்று சொன்னாயே, "மார்ச்சில குளிர் முடிஞ்சு மூணாம் வீட்டார் முதல் பறப்பு பறக்கும்போது நான் ஆப்பிள் மரத்தடிப் பெஞ்சில இருப்பேன். அவங்க பொழைச்சா நானும் பொழைப்பேன்" என்று. என்ன பேச்சு அது? எல்ஸே அண்ணியோடு கல்யாணச் சீராக வந்த கூட்டம் என்பது தெரியும். அதற்காக இவ்வளவு பெரிய பாரத்தை என் தலையில் வைப்பதா? நீ போனதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

குளிருக்கு முன் இன்னும் என்னென்ன செய்யவேண்டும், ஒன்று விடாமல் எழுது.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும்.
உர்சுலே


சானடோரியம்,
1971 செப்டம்பர் 30

அன்புத் தங்கை உர்சுலேவுக்கு அண்ணன் எழுதுவது. ரத்தம் நின்றுவிட்டது. கஞ்சி போடுகிறார்கள், தின்கிறேன். நீயும் தின்.

ஏமாந்தது அவர்களுக்குத் தெரியும். ஆனால் நம்மைப் போல மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டார்கள். சர்க்கரை அவர்கள் வயிற்றுக்கு லேசு. குளிர்காலம் முழுக்க வெளியே போக முடியாதல்லவா? இதை நான் சத்தமாகப் படித்தது தப்பாகிவிட்டது. பக்கத்துக் கட்டில் ஜெனோனாஸ், டிராக்டர் ஓட்டுகிறவன், எழுந்து உட்கார்ந்துவிட்டான். "அப்ப ஒண்ணுக்கு ரெண்டுக்கு எங்க போவாங்க?" என்றான். "போகமாட்டாங்க. அஞ்சு மாசம் அடக்கி வச்சிருப்பாங்க" என்றேன். எட்டுக் கட்டிலும் என் பக்கம் திரும்பின. ஜெனோனாஸ் மட்டும் நம்பவில்லை. "அத்தாட்சி காட்டு" என்கிறான். இனி உன் கடிதம் வந்தால் எல்லோருக்கும் படித்துக் காட்டவேண்டுமாம்.

வேலையைக் கேள். பெட்டி வாசல்களில் வரிசையாக ஆணி அடி. தேனீ நுழையவேண்டும், எலி நுழையக்கூடாது. கூரைக்கடியில் வைக்கும் பாசித் தலையணைகளை வெயிலில் காயவை. காற்று வரும் பக்கம் தளிர்க்கிளை அல்ல, முற்றிய ஸ்ப்ரூஸ் ஊசியிலைக் கிளைகளைச் சாய்த்து வை. அக்டோபருக்குப் பிறகு எந்த மூடியையும் திறக்காதே. பயப்படாதே, குளிரில் அவர்கள் சாகமாட்டார்கள். ராணியை நடுவில் வைத்துக் கொத்தாகக் கூடி, உடம்பை நடுக்கி நடுக்கிச் சூடு உண்டாக்குவார்கள். விளிம்பில் இருப்பவர் உள்ளே போவார், உள்ளே இருந்தவர் விளிம்புக்கு வருவார். யாரும் யாரையும் வெளியே விட்டுவைப்பதில்லை.

பசுவுக்கு முத்தம்.
பல்த்ருஸ்


ஷிலகால்னிஸ்,
1971 அக்டோபர் 24

அன்புள்ள அண்ணனுக்கு, தோத்திரம். நீ தின்னச் சொன்னதால் தின்கிறேன். உன் எடை ஏறியதா?

ஆணி அடித்தாயிற்று. என் கட்டைவிரலிலும் ஒன்று அடித்துக்கொண்டேன். விளிம்பில் இருப்பவர் உள்ளே போவார் என்று எழுதினாயே, முறை வந்துவிட்டது என்று யார் சொல்லுவார்கள்? மணி அடிக்கிறவர் உண்டா? நாலு நாளாகத் தைக்கும்போதெல்லாம் அதே நினைப்பு. ஜெனோனாஸிடமும் கேள், டிராக்டர் மூளைக்கு ஏதாவது தோன்றலாம்.

ஸ்ப்ரூஸ் கிளைகளை இழுத்து வருவதை அடுத்த வீட்டு ரப்போலாஸ் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தபடி இருந்தார். "கும்பிடுறேன்" என்றேன். தொப்பியைத் தொட்டார், திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார். வேலிக்கதவை உள்பக்கம் கம்பி போட்டு முறுக்கியிருக்கிறாயே, அவர் என்ன திருடனா? என்ன சண்டை உங்களுக்குள்? ஊரில் கேட்டால் எல்லோரும் பேச்சை மாற்றுகிறார்கள்.

அன்புடன்
உர்சுலே


சானடோரியம்,
1971 நவம்பர் 6

அன்புத் தங்கைக்கு. எடை அரைக் கிலோ ஏறியது. மணி அடிக்கிறவர் இல்லை. குளிர்ந்தவர் நகர்வார், சூடானவர் இடம் கொடுப்பார், அவ்வளவுதான். "எங்க பண்ணையில இப்படி ஒருத்தன் கிடையாது" என்கிறான் ஜெனோனாஸ்.

ரப்போலாஸ் பற்றிக் கேட்டாய். எல்ஸே இறந்த வருஷம், அறுபத்து மூன்று கோடையில், மூன்றாம் வீட்டிலிருந்து ஒரு கூட்டம் பிரிந்து அவன் தோட்டத்தில் போய் உட்கார்ந்தது. கேட்டேன். தரவில்லை. சண்டை முடிந்தது. இனி இதைக் கேட்காதே.

பாசித் தலையணைகளை வைத்துவிட்டாயா? வீட்டு ஜன்னல்களையும் அடை. வடக்கு ஜன்னலில் காற்று கத்தியாக வரும். உனக்குச் சளி பிடித்தால் அங்கே யார் இருக்கிறார்கள்?

பல்த்ருஸ்


ஷிலகால்னிஸ்,
1971 நவம்பர் 25

அன்புள்ள அண்ணனுக்கு, தோத்திரம். முதல் பனி விழுந்துவிட்டது. எனக்குச் சளி இல்லை, உனக்கு இருமல் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஜன்னல்களை அடைத்தேன். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே பஞ்சு, விளிம்பெல்லாம் உருளைக்கிழங்கு மாவுப் பசையில் காகிதப் பட்டை. தையல்காரி ஒட்டினால் எப்படி இருக்கும் தெரியுமா? ஊசி நுழையாது. பஞ்சுக்கு மேல் சிவப்புப் பெர்ரிகூட வைத்தேன், அழகுக்கு. பசை கொஞ்சம் மிச்சம் இருந்தது. வீணாக்குவானேன் என்று மூன்றாம் வீட்டாரையும் தனியாகக் கவனித்தேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். எனக்கு யார் முக்கியம் என்று உனக்குத் தெரியுமே.

இப்போதுதான் மனசு நிம்மதியாக இருக்கிறது. பீட்ரூட் சூப் இரண்டு தட்டு குடித்தேன்.

உர்சுலே


சானடோரியம்,
1971 டிசம்பர் 12

அன்புத் தங்கைக்கு. இருமல் அப்படியே இருக்கிறது. டாக்டர் ஜனவரியில் ஒரு சின்ன வேலை செய்யலாம் என்கிறார். பெரிதாக ஒன்றும் இல்லை.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள், சாயங்கால முதல் நட்சத்திரம் வந்ததும், சாப்பிட உட்காரும் முன் எட்டு வீட்டாரையும் போய்ப் பார். என் ரப்பர் குழாய் கொட்டகை ஆணியில் தொங்கும். ஒரு முனையை வாசலில் விடு, மறுமுனையைக் காதில் வை. விரலால் மெல்லத் தட்டு. "உம்" என்று ஒரு முறை சொல்லி அடங்கினால் சுகம். அழுகிற மாதிரி நீட்டிக்கொண்டே போனால் ராணி இல்லை. காய்ந்த சருகு போலச் சலசலத்தால் பசி. யார் யார் என்ன சொன்னார்கள் என்று எழுது. இங்கே சுவரில் எட்டுக் கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள், நர்ஸம்மாகூட வந்து பார்க்கிறாள்.

நல்ல பண்டிகையாக இருக்கட்டும்.
பல்த்ருஸ்


ஷிலகால்னிஸ்,
1971 டிசம்பர் 27

அன்புள்ள அண்ணனுக்கும் எட்டுக் கட்டில்காரர்களுக்கும் பண்டிகை வாழ்த்து. கசகசாப் பாலும் ஹெர்ரிங் மீனும் செய்தேன், தனியாகத் தின்றேன்.

போய்க் கேட்டேன். ஐயோ அண்ணா, இத்தனை வருஷம் இதைக் கேட்காமல் இருந்துவிட்டேனே! வெளியே உறைந்துபோன பெட்டி, உள்ளே அத்தனை பேர் பேசுகிறார்கள்! முதல் வீட்டார் "உம்" என்று அடங்கினார்கள். இரண்டாமவர் கொஞ்சம் கோபக்காரர்கள், இரண்டு தடவை சொன்னார்கள். நாலாமவர் மெதுவாக. ஐந்தாமவரும் ஆறாமவரும் ஒரே குரல், அக்கா தங்கை மாதிரி. ஏழாமவர் தட்டும் முன்பே பதில் சொல்லிவிட்டார்கள். எட்டாமவர் சுகம். மூன்றாம் வீட்டு வாசலில் தாடி மாதிரி பனிக்கட்டி தொங்குகிறது, பார்க்க அழகாக இருக்கிறது.

டாக்டர் சொன்ன சின்ன வேலை என்ன? எழுது.

உர்சுலே


சானடோரியம்,
1972 ஜனவரி 4

உர்சுலே,
ஏழு குரல் எழுதியிருக்கிறாய். எனக்கு எட்டு வீடு. வாசலில் பனித்தாடி என்றால் உள்ளே ஈரம். மேலே ஒரு விரல் அளவு ஓட்டை இருக்குமே, அதை அடைத்தாயா? உடனே எழுது. பத்தாம் தேதிக்கு முன் எனக்குக் கிடைக்கவேண்டும். அதன் பிறகு கொஞ்ச நாள் என்னால் எழுத முடியாமல் போகலாம், பயப்படாதே.

பல்த்ருஸ்


சானடோரியம்,
1972 ஜனவரி 22

மரியாதைக்குரிய உர்சுலே அக்காவுக்கு, முன்பின் பார்க்காத ஜெனோனாஸ் எழுதுவது. நீங்கள் சுகம்தானே?

உங்கள் அண்ணன் கை சோர்வாக இருக்கிறது, அதனால் நான் எழுதுகிறேன் என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். இனி என் பங்குக்கு எழுதுகிறேன், அவரிடம் சொல்லிக்கொடுக்காதீர்கள். பதினொன்றாம் தேதி அவர் நுரையீரலில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டார்கள். வேலை நன்றாக முடிந்தது என்கிறார் டாக்டர். ஆனால் மனுஷன் தின்னமாட்டேன் என்கிறார். தபால் வரும் நேரத்துக்கு மட்டும் கண்ணைத் திறக்கிறார். மூன்று வாரமாக உங்கள் கடிதம் இல்லை. சுவரில் மூன்றாம் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது, அதையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

மூன்றாம் வீட்டார் சுகம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள் அக்கா. பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.

பணிவுடன்
ஜெனோனாஸ்


ஷிலகால்னிஸ்,
1972 பிப்ரவரி 7

அன்புள்ள அண்ணா, தோத்திரம். தயவு செய்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு இதைப் படி. ஜெனோனாஸிடமோ வேறு யாரிடமோ கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னாலும் சரி, எனக்கு வெட்கம் இல்லை.

மூன்றாம் வீட்டார் காலமாகிவிட்டார்கள். நான்தான் கொன்றேன். மிச்சப் பசையும் பஞ்சும் வைத்து மேல் ஓட்டை, இடுக்கு, கூரை விளிம்பு எல்லாவற்றையும் ஜன்னல் மாதிரி ஊசி நுழையாமல் ஒட்டினேன். பண்டிகையன்று தட்டினேன், பதில் இல்லை. காது மந்தம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். உன் ஜனவரிக் கடிதம் வந்ததும் திறந்தேன். அத்தனை பேரும் நனைந்து, பூஞ்சை பிடித்து, தரையில் குவிந்து கிடந்தார்கள். சுவரெல்லாம் தண்ணீர். பசை தீர்ந்துபோனதால்தான் மற்ற ஏழும் பிழைத்தன. யார்மேல் அதிகம் பாசமோ அவர்களைத்தான் மூச்சுமுட்ட வைத்தேன். இதை உனக்கு எழுத மூன்று வாரம் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன்.

அவர்களைக் குப்பையில் கொட்ட மனசு வரவில்லை. தலையணை உறையில் கட்டி ஆப்பிள் மரத்தடியில் புதைக்கப் போனேன். மண் இரும்பாக உறைந்திருந்தது, மண்வெட்டி எகிறுகிறது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ரப்போலாஸ் குரல் கேட்டது.

"யாருக்குக் குழி?"

"மூணாம் வீட்டாருக்கு."

தொப்பியைக் கழற்றினார். குறடு எடுத்து வந்து, நீ முறுக்கிய கம்பியை வெட்டிவிட்டு உள்ளே வந்தார். பெட்டியைத் திறந்து என் காகிதப் பட்டைகளைத் தடவிப் பார்த்தார்.

"நல்லா ஒட்டியிருக்க."

"திட்டிடுங்க. இப்படிப் பேசாதீங்க."

"ஈரம்மா. குளிர் இல்ல, ஈரம். அவங்க மூச்சுல வர்ற ஆவி போக வழி இல்ல." மூடியைத் திரும்ப வைத்தார். "பல்த்ருஸுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா பொழைக்க மாட்டாரு" என்று சொல்லி ஓவென்று அழுதுவிட்டேன். அவர் கடப்பாரையால் மண்ணை உடைத்துக் குழி தோண்டினார். ஜெபம் சொன்னோம். போய்விட்டார்.

ஜெனோனாஸ் கடிதம் வந்த அன்று அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். படித்தார். என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போய் ஒரு அலமாரியைத் திறந்தார். ஒன்பது ஜாடித் தேன் அண்ணா! ஒவ்வொன்றிலும் வருஷம் எழுதியிருக்கிறது, அறுபத்து மூன்றிலிருந்து எழுபத்தொன்று வரை. பழசெல்லாம் வெண்ணெய் மாதிரி உறைந்து வெளுத்துவிட்டது.

"இது என்ன?"

"அவன் பங்கு. கூட்டம் எங்கேருந்து கிளம்புதோ, எங்க வந்து உக்காருதோ, அந்த ரெண்டு வீடும் தேனீச் சம்பந்தி. சம்பந்திக்குக் கொடுக்காமத் தின்னா தொண்டையில இறங்குமா? ஒம்பது வருஷமா எடுத்து வைக்கிறேன். அவன் கதவத் திறந்தாத்தானே கொடுக்க?"

அப்புறம்தான் சொன்னார்: "எங்கிட்ட அவங்க இருக்காங்க. எல்ஸேயோட கூட்டம். மூணாம் வீட்டு ரத்தம். ஒரு பெட்டி கொண்டு வர்றேன்."

புத்தி கெட்டவள் நான், "என்ன கொடுக்கணும்?" என்று கேட்டுவிட்டேன். பார்த்தாரே ஒரு பார்வை!

"உங்க வம்சத்துக்கே இந்தக் கேள்விதானா? அவங்க வீட்டுக்கு அவங்க வர்றாங்க."

அவர் எதைச் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

முந்தாநாள் காற்றே இல்லாத குளிரில், சறுக்குவண்டியில் வைக்கோல் பரப்பிப் பெட்டியை ஏற்றினார். இருநூறு அடிதான். அதற்கு ஒரு மணி நேரம். "வேகமா இழுத்தா கொத்து உடைஞ்சிடும். உடைஞ்சா விளிம்புல விழுந்தவங்க திரும்ப ஏற முடியாது" என்றார். நான் பின்னால் பெட்டியை அணைத்துக்கொண்டே நடந்தேன். பழைய மூன்றாம் இடத்திலேயே வைத்தோம். மேல் ஓட்டை திறந்திருக்கிறது, ஐந்து தடவை பார்த்துவிட்டேன். நேற்றுக் குழாய் வைத்துத் தட்டினேன். "உம்" என்றார்கள்.

ஜெனோனாஸ் பொய் எழுதச் சொன்னான். எழுதினால் நீ கண்டுபிடிப்பாய், அப்புறம் ஏழு வீட்டையும் நம்பமாட்டாய். ஆகவே உண்மை. என்னைத் திட்டு, ஆனால் சாப்பிடு.

உன் பாவி தங்கை
உர்சுலே


சானடோரியம்,
1972 பிப்ரவரி 20

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. சொந்தக் கையால்தான், கோணலாக இருக்கிறது என்று சிரிக்காதே. என் நெஞ்சில் ஒரு துண்டு குறைந்துவிட்டது, அதை ஜெனோனாஸ் உனக்கு எழுதிவிட்டான் என்பதும் தெரியும். அவன் முகத்தில் எதுவும் மறையாது.

உன் கடிதத்தை மூன்று முறை கேட்டேன். முதல் முறை உன்னைத் திட்டினேன், நல்ல கெட்ட வார்த்தையில், தையல் போட்ட இடம் வலிக்க வலிக்க. இரண்டாம் முறை அழுதேன். மூன்றாம் முறைதான் யோசித்தேன். என் கடிதங்களில் ஆணி எழுதினேன், பாசி எழுதினேன், மேல் ஓட்டையைத் திறந்து வை என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. முப்பது வருஷமாகச் செய்கிறவனுக்கு அது மூச்சு விடு என்று எழுதுவது போல. யாராவது அதை எழுதுவார்களா? எழுதியிருக்கவேண்டும். பாதிப் பாவம் என்னுடையது, எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் நான் எழுதவில்லை. அந்தக் கோடையில் எல்ஸே போய் மூன்று வாரம்கூட ஆகவில்லை, அவள் கூட்டமும் என்னை விட்டு எழுந்து போகிறது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ரப்போலாஸ் சந்தோஷமாகக் கையை நீட்டி வந்தான், "இனிமே நாம சம்பந்தி" என்றான். நான் இருபத்தைந்து ரூபிளை அவன் படியில் விட்டெறிந்து, "இந்தா விலை, கூட்டத்தக் கொடு" என்றேன். ஊரே பார்த்தது. இங்கே எவனும் தேனீக்கு விலை பேசியதில்லை. அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்கத் தெரியாமல்தான் வேலிக்குக் கம்பி போட்டேன். அவன் ஜாடி நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறான்.

இன்று கஞ்சி முழுவதும் தின்றேன். மூன்றாம் கட்டத்தில் ஜெனோனாஸ் குறி போட்டுவிட்டான். ஏப்ரல் முதல் வாரம் விடுவார்கள், மார்ச்சில் முடியாதாம். நீ பார்த்து எழுது.

ரப்போலாஸிடம் எதுவும் சொல்லவேண்டாம். நான் வந்து சொல்கிறேன்.

பல்த்ருஸ்


ஷிலகால்னிஸ்,
1972 மார்ச் 19

அன்புள்ள அண்ணனுக்கு, தோத்திரம், தோத்திரம், தோத்திரம்! நான் சுகம், பசு சுகம், எட்டு வீட்டாரும் சுகம். உன் தையல் ஆறிவிட்டதா?

இன்று பகல் பதினொரு மணிக்கு வெயில் சுள்ளென்று அடித்தது, கூரையிலிருந்து பனி சொட்டியது. விவரம் தெரியாமல் வெள்ளைப் படுக்கை விரிப்பெல்லாம் துவைத்துக் கொடியில் போட்டிருந்தேன். முதலில் ஏழாமவர் வந்தார்கள், அவர்களுக்குத்தான் பொறுமை இல்லையே. பிறகு எல்லோரும். மூன்றாம் வீட்டார் மட்டும் வரவில்லை. நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன். ரப்போலாஸ் வேலிக்கதவைத் திறந்துகொண்டு வந்து ஆப்பிள் மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்தார். "அவங்க எங்க வீட்லயும் கடைசியாத்தான் வருவாங்க. எல்ஸே வீட்டாருக்கு அவசரம் கிடையாது" என்றார்.

கால் மணி நேரம் கழித்து ஒருத்தி வந்தாள். வாசலில் நின்று முகத்தைத் துடைத்தாள். அவள் பின்னால் மடை திறந்தது போல! பனியெல்லாம் மஞ்சள் புள்ளி, என் விரிப்பெல்லாம் மஞ்சள் புள்ளி, ரப்போலாஸின் தொப்பியிலும் புள்ளி. ஐந்து மாசத்துச் சரக்கு அண்ணா. நான் சிரிக்கிறேன், அழுகிறேன், திரும்பத் துவைக்கவேண்டுமே என்று திட்டுகிறேன். அவர் தொப்பியைத் துடைக்கவே இல்லை.

இத்துடன் ஒரு கைக்குட்டை வைத்திருக்கிறேன். மூன்றாம் வீட்டு வாசலுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன், நாலு புள்ளி விழுந்தது. ஜெனோனாஸ் கேட்ட அத்தாட்சி இதுதான் என்று சொல். வரும்போது இதைத் துவைக்காமல் அப்படியே கொண்டுவா.

ஜாடிகளை அவர் இன்னும் கொடுக்கவில்லை. நீயே உன் கையால் வேலிக்கதவைத் திறந்த பிறகுதான் கொடுப்பாராம். பெஞ்சில் இடது ஓரமாக உட்கார்ந்தார். வலது பக்கம் நான் உட்காரப் போனேன், வேண்டாம் என்று கையை வைத்து மறித்துவிட்டார்.

உன் தங்கை
உர்சுலே